பெட்டியா, சேமிப்புப் புத்தகமா? மொண்ட்ராகொன் நகரத்து உதவிப் பங்குத்தந்தையின் வரலாறு



மே மாதம் 1ஆம் நாளைத் திருச்சபை, தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாகக் கொண்டாடுகிறது. 1955ஆம் ஆண்டு அதே நாளில் திருத்தந்தை 12ஆம் பயஸ், உரோமையில் திரண்டிருந்த தொழிலாளர் முன்னிலையில் இத்திருநாளை அறிவித்தார். தச்சரின் பட்டறை இறைமகன் வளர்ந்த வீடு என்பதே அதன் உட்பொருள். உழைப்பு வழிபாட்டுக்கு வெளியே நிற்கும் ஒன்றன்று.

ஆயினும் நம்முள் பெரும்பாலோருடைய வாழ்வில் உழைப்பு வேறாகவும், பணம் வேறாகவும், இறைவன் தந்த திறமை வேறாகவும், வாழ்வின் நோக்கம் வேறாகவும் நாற்புறம் சிதறிக் கிடக்கின்றன. இல்லங்களைச் சந்திக்கச் செல்லும் குருவானவர் எவரும் இதனைக் கேட்டிருப்பார். இரவுப்பணி, வார இறுதியில் மேலதிக வேலை, வீட்டுக்கடன், ஊருக்கு அனுப்பும் பணம், பிள்ளைகளின் படிப்பு என இருபது, முப்பது ஆண்டுகள் ஓடிய பின்னர், "ஃபாதர், இவ்வளவும் எதற்காக?" என்று ஒருவர் கேட்கிறார். "ஓய்வு பெற்றபின் மனத்துக்குப் பிடித்ததைச் செய்வேன்" என்று இன்னொருவர் ஆறுதல் கொள்கிறார். முதலில் சம்பாதிப்போம், நோக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்பது நம் தலைமுறையின் எழுதப்படாத சட்டமாகிவிட்டது.

இதற்கு விடையாக அறிவுரை கூற நான் விரும்பவில்லை. ஒரு வரலாற்றைக் கூற விரும்புகிறேன். அதன் நாயகர் எம்மைப் போன்ற ஒரு குரு. அதுவும் தம் ஆயுளில் பங்குத்தந்தை என்ற பதவியைக் கூட ஏற்காமல், உதவிக் குருவாகவே இருந்து மறைந்தவர்.

1. போருக்குப் பின் ஓர் ஊர்

ஹோசே மரியா அரிஸ்மெந்தியாரியெத்தா 1915 ஏப்ரல் 22 அன்று வட ஸ்பெயினின் பாஸ்க் நிலத்தில், மார்கீனா என்ற ஊரை அடுத்த வேளாண் குடும்பமொன்றில் மூத்த மகனாகப் பிறந்தார். குழந்தைப் பருவத்தில் நேர்ந்த விபத்தில் இடக்கண்ணை இழந்தார். குடும்பத்து நிலத்துக்கு உரியவராக வேண்டிய தலைப்பிள்ளை, பன்னிரண்டு வயதில் சிறிய குருமடத்தை நாடிச் சென்றார்.

1936இல் ஸ்பெயினின் உள்நாட்டுப் போர் மூண்டது. பாஸ்க் அரசின் படைக்கு அவர் அழைக்கப்பட்டாலும், பார்வைக் குறையால் களத்துக்கு அனுப்பப்படவில்லை. பில்பாவோ நகரில் பாஸ்க் மொழியில் வெளிவந்த 'எகூனா' என்ற நாளிதழில் பணியாற்றினார். 1937 ஜூனில் பில்பாவோ ஃபிராங்கோவின் படைகளிடம் வீழ்ந்தது. அவர் சிறைப்பட்டார், மரண நிழலைத் தொட்டு மீண்டார். பின்னர் குருமடம் திரும்பி, 1940 டிசம்பரில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பெற்றார். பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்கவேண்டும் என்பது அவருடைய வேட்கை. ஆயர் இசையவில்லை. மொண்ட்ராகொன் என்ற சிறுநகருக்கு உதவிக் குருவாகப் போகப் பணித்தார்.

1941 பெப்ரவரி 5 அன்று அவர் போய்ச் சேர்ந்த ஊரை எண்ணிப் பாருங்கள். மக்கள்தொகை ஏறத்தாழ எட்டாயிரம். அந்நகரின் குருக்கள் மூவர் 1936 அக்டோபரில் ஃபிராங்கோவின் ஆட்களால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தனர். வென்றவரும் தோற்றவரும் ஒரே தெருவில் ஒருவரையொருவர் பாராமல் நடந்தனர். உணவுக்குப் பங்கீட்டு அட்டை, நோயாகக் காசம், பேசினால் ஆபத்து. போரில் தோற்ற மக்களின் மௌனம் எத்தகையது என்பதை நம் வாசகர்களில் பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அங்கு வந்த இருபத்தைந்து வயதுக் குரு நல்ல பேச்சாளரும் அல்லர். அவருடைய மறையுரைகள் சலிப்பூட்டின. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. நாவன்மை கைகொடாத அந்த மனிதர் வேறு வழியில் மக்களை அணுகினார். இளைஞர்களைச் சிறு சிறு குழுக்களாக அமர்த்தித் திருச்சபையின் சமூகப் படிப்பினையைக் கலந்துரையாடினார். 1891இல் திருத்தந்தை 13ஆம் லியோவும், 1931இல் 11ஆம் பயசும் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடல்கள் அங்கே பாடநூல்களாயின. முதல் பதினான்கு ஆண்டுகளில் இத்தகைய கூட்டங்கள் இரண்டாயிரத்தைத் தாண்டின என்று அவருடைய மாணவர்கள் பிற்காலத்தில் கணக்கிட்டனர்.

2. பணத்துக்கு முன் பள்ளி

மொண்ட்ராகொன் பன்னெடுங்காலமாக இரும்பு வேலைக்குப் பெயர்பெற்றது. அவர் வந்தபோது ஊரின் வாழ்வு 'யூனியன் செர்ராஹெரா' என்ற பெரிய நிறுவனத்தின் கையில் இருந்தது. பூட்டும் பிற உலோகப் பொருள்களும் செய்த அந்நிறுவனத்துக்கு ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியும் இருந்தது. அதில் பெரும்பாலும் அங்கு வேலை செய்வோரின் மைந்தர்க்கே இடம். வெளியார் மிகச் சிலரே சேர முடியும். பள்ளியை ஊர்ப்பிள்ளைகள் அனைவருக்கும் திறந்துவிடுமாறு இளங்குரு வேண்டினார். மறுத்தார்கள்.

அவர் கோபித்துக்கொண்டு மறையுரையில் முழங்கவில்லை. தெருமூலைகளில் பெட்டிகளை வைத்தார். புதியதொரு தொழிற்பள்ளிக்கு ஒவ்வொருவரும் தம்மால் தரக்கூடியதை, பணமாயினும் உழைப்பாயினும், ஒரு தாளில் எழுதி அப்பெட்டியில் இடுமாறு கேட்டார். ஏறத்தாழ 600 பேர் எழுதினர். வறுமை பிடித்த ஊரில், வளர்ந்தோரில் சுமார் நூற்றுக்குப் பதினைந்து பேர் அவர்கள். 1943 அக்டோபரில் இருபது மாணவருடன் பள்ளி தொடங்கியது.

இங்கே சற்று நில்லுங்கள். வரலாற்றின் முதல் முடிச்சு இது. அவர் வேலைவாய்ப்பில் தொடங்கவில்லை, மூலதனத்திலும் தொடங்கவில்லை. மனிதரின் கையிலும் மூளையிலும் உறங்கிய திறமையை எழுப்புவதில் தொடங்கினார். ஊராரிடம் பணம் கேட்டபோதும், அது எதற்கு என்ற கேள்விக்கு விடை முன்னரே ஆயத்தமாக இருந்தது. நோக்கம் முன்னே நடந்தது. பணம் அதன் பின்னே வந்தது. நாமோ பணத்தை முன்னே விட்டு, நோக்கம் ஒருநாள் பின்னால் ஓடிவரும் என்று காத்திருக்கிறோம்.

அப்பள்ளியில் பயின்ற முதல் அணியினர் அங்கேயே நின்றுவிடவில்லை. பகலில் ஆலையில் வேலை செய்துகொண்டே, சரகோசா நகரின் கல்வி நிறுவனத்தில் வெளிமாணவராகத் தேர்வெழுதிப் படித்தனர். 1952இல் பதினொருவர் தொழில்நுட்பப் பட்டம் பெற்றனர். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது எட்டாக் கனியாக இருந்த காலம் அது.

3. ஐந்து பெயர்களின் முதலெழுத்துகள்

பட்டம் பெற்றவர்கள் நல்ல பதவிகளில் அமர்ந்தனர். கதை இங்கே முடிந்திருக்கலாம். நம் சமூகத்தில் பெரும்பாலும் இங்கேதான் முடிகிறது: பிள்ளை படித்தான், வேலை கிடைத்தது, வீடு வாங்கினான், விருந்து வைத்தோம்.

ஆனால் அவர்கள் தாம் வேலை செய்த நிறுவனத்திடம் ஒன்றைக் கேட்டனர். மூலதனத்தைப் பெருக்கும்போது உழைப்பவர்களும் அதில் பங்கு கொள்ளட்டும் என்றனர். மீண்டும் மறுப்பே கிடைத்தது. அதன்மேல் ஐவர் பாதுகாப்பான பதவிகளை விட்டு விலகினர். உசாத்தோரே, லாரஞாகா, கொர்ரோஞோகோய்த்தியா, ஓர்மாயேச்செயா, ஓர்த்துபாய் என்பன அவர்களுடைய குடும்பப் பெயர்கள். அப்பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்துத் தங்கள் தொழிலகத்துக்கு 'உல்கோர்' என்று பெயரிட்டனர்.

அக்கால ஸ்பெயினில் ஆலை தொடங்க அரசு உரிமம் பெறுவது எளிதன்று. ஆகவே 1955இல் வித்தோரியா நகரில் நொடித்துப்போன ஒரு சிறு நிறுவனத்தை, அதன் உரிமத்துக்காகவே விலைக்கு வாங்கினர். பணம் எங்கிருந்து வந்தது? உற்றாரும் ஊராரும் கடனாகக் கொடுத்தனர். இன்ன பொருளைச் செய்யப் போகிறோம் என்ற உறுதிகூட அப்போது இல்லை. அந்த இளைஞர்களையும், அவர்களை வளர்த்த குருவையும் ஊர் அறிந்திருந்தது; அந்த நம்பிக்கையே பிணையாயிற்று. 1956 ஏப்ரலில் மொண்ட்ராகொனில் புதிய ஆலைக்கு அடிக்கல் மந்திரிக்கப்பட்டது. அவர்களுடைய முதற்பொருள் மண்ணெண்ணெயில் எரியும் சூடேற்றும் அடுப்பு. அதுவும் வெளிநாட்டு மாதிரி ஒன்றைப் பார்த்துச் செய்ததே. படைப்புத்திறன் என்பதை வானத்திலிருந்து விழும் மின்னலாக எண்ணுவோருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். முதலில் பார்த்துச் செய்தார்கள். பிறகு திருத்திச் செய்தார்கள். பின்னர் தாமே ஆக்கினார்கள். 1974இல் 'இகெர்லான்' என்ற சொந்த ஆய்வுநிலையத்தையும் நிறுவினர்.

4. பணம் ஏவலாளாக மாறிய விதம்

ஆலை ஒன்றைத் தொடங்குவது பெரிதன்று. அதன் உள்ளமைப்பே வியப்புக்குரியது. சட்டத்தின் துணையோடு எந்த வடிவில் இதனை அமைப்பது என்று டோன் ஹோசே மரியா (ஊரார் அவரை அவ்வாறே அழைத்தனர்) நூல்களைத் தேடிப் படித்தார், அதிகாரிகளைக் கண்டார், இறுதியில் கூட்டுறவு என்ற வடிவத்தைத் தேர்ந்தார்.

அதன் விதிகளை எளிய தமிழில் சொல்கிறேன். உள்ளே வருபவர் ஒவ்வொருவரும் ஒரு தொகையை முதலாக இடவேண்டும். கையில் இல்லாதவர் ஊதியத்திலிருந்து சிறிது சிறிதாகச் செலுத்தலாம். எவ்வளவு முதல் இருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு. மிகக் குறைந்த ஊதியத்துக்கும் மிக உயர்ந்த ஊதியத்துக்கும் இடையிலான விகிதம் தொடக்கத்தில் ஒன்றுக்கு மூன்று. ஆண்டு இறுதியில் மிகும் தொகையில் குறைந்தது 10 விழுக்காடு கல்விக்கும் ஊர் நலனுக்கும் போகும். ஒரு பகுதி பொதுச்சேமிப்பில் சேரும். எஞ்சியது உறுப்பினரின் பெயரில் கணக்கில் வைக்கப்படும். ஆனால் அதனைக் கையில் வாங்கிச் செலவிட முடியாது; விலகும்போதோ ஓய்வு பெறும்போதோ கிடைக்கும். அதுவரை அப்பணம் ஆலையிலேயே நின்று அடுத்தவருக்கு வேலையை உண்டாக்கும்.

உலக வழக்கத்தில் பணம் மனிதரைக் கூலிக்கு அமர்த்துகிறது. இங்கே மனிதர் பணத்தைக் கூலிக்கு அமர்த்தினர். அதற்குரிய வட்டியைக் கொடுத்தனர், ஆட்சியைக் கொடுக்கவில்லை. மூலதனத்தைவிட உழைப்பே முதன்மையானது என்பதைத் திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல் 1981இல் தொழில் பற்றிய தம் சுற்றுமடலில் அழுத்திக் கூறினார். பாஸ்க் மலைகளிடையே அந்தப் படிப்பினை அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னரே ஆலை விதியாக எழுதப்பட்டிருந்தது.

ஆலைகள் பெருகின, முதல் போதவில்லை. அப்போது குரு மற்றொரு யோசனையோடு வந்தார்: நமக்கென ஒரு வங்கி வேண்டும். மாணவர்கள் திகைத்தனர். நேற்றுவரை பட்டறையில் நின்றோம், இன்றுதான் நிர்வாகம் கற்கிறோம், நாளை வங்கியாளராகவும் ஆகவேண்டுமா என்று மறுத்துவிட்டனர். அவரோ ஓசையின்றி விதிமுறைகளை எழுதி, தொடக்கக் கூட்டம் நடந்ததாகக் குறிப்பெழுதி, அவர்களுடைய கையொப்பங்களையும் தாமே இட்டு அரசுக்கு அனுப்பிவிட்டார்! 1959இல் 'காஹா லபோரால்' என்ற அந்த உழைப்பாளர் வங்கி பிறந்தது. பொய்க் கையொப்பத்தை நான் நியாயப்படுத்தவில்லை. பங்கு அலுவலகத்தில் எவரும் இதனை முன்மாதிரியாகக் கொள்ளவேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். ஆயினும் அந்த வங்கி இல்லாதிருந்தால், மொண்ட்ராகொன் ஓரிரு சிற்றாலைகளோடு நின்றிருக்கும் என்பதை அம்மாணவர்களே பின்னாளில் ஒப்புக்கொண்டனர்.

கூட்டுறவு உறுப்பினர்கள் தொழிலாளர் அல்லர், உரிமையாளரே என்று கூறி அரசு அவர்களைச் சமூகப் பாதுகாப்புத் திட்டத்திலிருந்து விலக்கியது. மருத்துவத்துக்கும் முதுமைக்கும் வழியில்லாத நிலை. அதற்கும் தமக்குள்ளேயே ஒரு நிதியை ஏற்படுத்தினர். அது பின்னர் 'லாகுன் அரோ' என்ற தனி அமைப்பாக வளர்ந்தது. கதவு அடைபட்ட ஒவ்வொரு முறையும் அவர்கள் ஒரு புதிய வாயிலைக் கட்டினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

5. பெட்டியா, சேமிப்புப் புத்தகமா?

வங்கி தொடங்கிய நாள்களில் ஊர் ஊராகச் சென்று மக்களின் சேமிப்பைக் கேட்டனர். அப்போது அவர்கள் எழுப்பிய முழக்கம் இதுதான்: 'சேமிப்புப் புத்தகமா, பயணப் பெட்டியா?'

ஸ்பெயினின் ஏழைகள் பிழைப்புக்காகக் கூட்டங்கூட்டமாக ஜெர்மனிக்கும், பிரான்சுக்கும், சுவிட்சர்லாந்துக்கும் பெட்டியோடு புறப்பட்ட காலம் அது. உன் சேமிப்பை இங்கே இட்டால், உன் பிள்ளைக்கு இவ்வூரிலேயே வேலை பிறக்கும். இல்லையேல் அவனுக்குப் பெட்டியைக் கட்டிக்கொடு என்பதே அம்முழக்கத்தின் பொருள். கையளவு சேமிப்புக்கும் ஒரு பிள்ளையின் எதிர்காலத்துக்கும் இடையே இருந்த மறைவான நூலை அது வெளிச்சத்தில் காட்டியது. வங்கியில் இட்ட பணம் தூங்குவதில்லை. அது எங்கோ, யாருக்காகவோ, எதற்காகவோ வேலை செய்துகொண்டே இருக்கிறது. அது எதற்காக வேலை செய்யவேண்டும் என்பதை நாம் தீர்மானிக்காவிட்டால், வேறொருவர் தீர்மானிப்பார்.

அன்பர்களே, நாம் பெட்டியோடு வந்தவர்கள். போரும் வறுமையும் நம் கையில் பெட்டியைத் திணித்தன; சேமிப்புப் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு நம்மில் பலருக்குக் கிடைக்கவேயில்லை. ஆகவே இந்த முழக்கத்தை நம்மேல் வீசப்பட்ட குற்றச்சாட்டாக நான் வாசிக்கவில்லை. பெட்டியைத் திறந்து இந்நாடுகளில் நிலைகொண்ட பின்னர், கையில் வந்த சேமிப்பை நாம் எதற்கு ஏவுகிறோம் என்ற கேள்வியாகவே வாசிக்கிறேன்.

6. அடுக்களையும் வகுப்பறையும்

மொண்ட்ராகொனின் கதையில் ஆலைகளைப் பற்றியே எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கோ இரண்டு சிறிய முயற்சிகள் அதனினும் இனியவை.

தொடக்கத்தில் பெண்கள் திருமணமானதும் வேலையை விட்டு விலகவேண்டும் என்ற வழக்கம் அக்கூட்டுறவுகளிலும் இருந்தது. டோன் ஹோசே மரியா இதனை ஏற்கவில்லை. வீட்டுக்கடமைகளோடு இசையும் நேரங்களில் மணமான பெண்கள் வேலை செய்யத்தக்கதாக 1969இல் 'அவுஸோ லாகுன்' என்ற கூட்டுறவு பிறந்தது. ஆலைகளுக்கு உணவு சமைப்பதும் துப்புரவுப் பணியும் அதன் தொழில். அடுக்களையில் கூலியின்றிக் கிடந்த திறமை, உரிமையும் வாக்கும் உடைய தொழிலாயிற்று.

இரண்டாவது, 1966இல் தொடங்கிய 'அலெகோப்'. மாணவர்கள் அரைநாள் படிப்பார்கள். அரைநாள் தமக்குரிய ஆலையில் வேலை செய்து படிப்புச் செலவை ஈட்டுவார்கள். ஏழைப் பிள்ளை பிறர் தயவில் படிக்கவேண்டியதில்லை. வசதியுள்ள பிள்ளையும் கையில் எண்ணெய்க்கறை படாமல் பட்டம் பெறுவதில்லை.

இவையெல்லாம் நிகழ்ந்துகொண்டிருந்தபோது இவற்றின் தந்தை எப்படி வாழ்ந்தார்? எந்தக் கூட்டுறவிலும் அவர் பதவி ஏற்கவில்லை, ஊதியம் பெறவில்லை. குருவுக்குரிய எளிய படியில் வாழ்ந்தார். மிதிவண்டியில் ஊரைச் சுற்றினார்; பின்னாளில் சிறிய இயந்திரம் பொருத்திய ஒரு வண்டியில் சென்றார். தொழிற்பள்ளியில் வகுப்பெடுத்தார், காலையில் திருப்பலி நிறைவேற்றினார். லூவேனுக்குப் போய்ச் சமூகவியல் படிக்க விரும்பியவர், மொண்ட்ராகொனில் இருந்தே ஒரு சமூகத்தை உருவாக்கினார். 1976 நவம்பர் 29 அன்று, அறுபத்தோராம் வயதில் இறைவனடி சேர்ந்தார். 2015 டிசம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவர் என்ற நிலைக்கு உயர்த்தினார்.

7. விரிசல்களையும் சொல்லவேண்டும்

புனிதர்களின் வரலாற்றில் நிழல்களை அழித்துவிட்டால் ஒளியும் பொய்யாகிவிடும். அவர் உயிரோடிருந்தபோதே, 1974இல், உல்கோர் ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தது. பணிகளுக்கு மதிப்பிட்டுத் தரம் வகுத்ததில் எழுந்த மனக்குறை அது. தாமே உரிமையாளரான ஆலையில் தாமே வேலையை நிறுத்தினர்! முன்னின்ற பதினெழுவர் வெளியேற்றப்பட்டனர். சில ஆண்டுகளுக்குப் பின்னரே அவர்கள் திரும்பி வர வழி திறந்தது. ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற விதி இருந்தும், ஆலை பெருத்தபோது சாதாரண உறுப்பினரின் குரல் மேலே எட்டாமற் போனது.

மொண்ட்ராகொன் உலகச் சந்தைக்குள் நுழைந்தபோது, வெளிநாடுகளில் ஆலைகளை நிறுவியது. அங்கே வேலை செய்வோரில் பெரும்பாலோர் உறுப்பினர் அல்லர், கூலி பெறுவோரே. ஊதிய விகிதமும் மெல்ல விரிந்து, சில இடங்களில் ஒன்றுக்கு ஆறு வரை சென்றது. 2013இல் பேரதிர்ச்சி வந்தது: உல்கோரின் வழிவந்த 'ஃபாகோர்' வீட்டுச் சாதன நிறுவனம், அனைத்துக்கும் தாயான அந்த முதல் கூட்டுறவே, நொடித்துப் போனது. அதில் பணத்தை இட்டிருந்த சிறுசேமிப்பாளர் பலர் இழப்புக்கு உள்ளாயினர்.

ஆயினும் அந்த வீழ்ச்சியின்போது நடந்த இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. வேலையிழந்த உறுப்பினர்களை வீதியில் விடாமல், பெரும்பாலோரைப் பிற கூட்டுறவுகள் தம்மிடம் சேர்த்துக்கொண்டன. முதியோர்க்கு முன்கூட்டியே ஓய்வு வழங்கப்பட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட விதிகள் அந்நாளில் மனிதரைத் தாங்கின. இன்றும் ஏறத்தாழ 70,000 பேர் அக்கூட்டுறவுக் குழுமத்தில் பணியாற்றுகின்றனர். இருபது மாணவருடன் தொடங்கிய அந்தப் பள்ளியின் வழியில் வந்ததே 1997இல் உருவான மொண்ட்ராகொன் பல்கலைக்கழகம்.

8. நமக்கு உரியது யாது?

இந்த வரலாற்றிலிருந்து நான் ஒன்றையே உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். பணமும் உழைப்பும் திறமையும் வாழ்வின் நோக்கத்தோடு இசைவது நல்லெண்ணத்தால் மட்டும் நிகழ்வதில்லை. அதற்கு ஒரு வரிசை வேண்டும். அந்த வரிசையைக் காக்க விதிகளும் வேண்டும். மனிதர் முதலில், உழைப்பு அடுத்து, பணம் மூன்றாவதாக அவற்றுக்கு ஏவல் செய்ய: இதுவே அந்த வரிசை. இதனை மனத்தில் மட்டும் வைத்திருந்தால், முதல் நெருக்கடியிலேயே அது தலைகீழாகிவிடும். டோன் ஹோசே மரியா அதனை எழுதி வைத்தார்; பத்து விழுக்காடு என்று எண்ணிட்டு வைத்தார். அதனால் அவர் இறந்தபின்னும் அது நின்றது. அவ்விதி தளர்ந்த இடங்களிலேயே விரிசலும் கண்டது.

மேலும், வாழ்வின் நோக்கத்தை அவர் தம் நெஞ்சுக்குள் தோண்டித் தேடவில்லை. லூவேன் கிடைக்காதபோது, ஆயர் அனுப்பிய ஊரின் தெருவில் வேலையின்றி நின்ற சிறுவர்களிடத்தில் அதனைக் கண்டார். 'எனக்கு எது நிறைவு தரும்?' என்று கேட்டுக்கொண்டே இருப்பவர் பெரும்பாலும் களைத்துப் போகிறார். 'என் அருகில் யாருக்கு என் கை தேவைப்படுகிறது?' என்று கேட்பவர் விரைவில் வழியைக் கண்டடைகிறார். தாலந்து உவமையில் கண்டிக்கப்பட்டவர் தாலந்தைத் திருடியவர் அல்லர், வீணடித்தவரும் அல்லர். அதனைப் பத்திரமாகப் புதைத்து வைத்தவர். நம்மில் எத்தனை தாலந்துகள் அச்சத்தால் புதைந்து கிடக்கின்றன!

நம்மிடம் மரபுகள் இல்லாமலில்லை. நம் பெண்கள் எழுத்துப் பத்திரமோ பிணையோ இன்றி, ஒருவர் சொல்லை ஒருவர் நம்பிச் சீட்டுக் கட்டுகிறார்கள். எத்தனையோ வீடுகளின் முதற்படி அந்தச் சீட்டுப் பணமே. மொண்ட்ராகொனில் ஊரார் ஐந்து இளைஞருக்குக் கடன் கொடுத்த நம்பிக்கையும் அதே இனத்தைச் சேர்ந்ததுதான். ஊர்ச் சங்கங்களும், பழைய மாணவர் சங்கங்களும், பங்குக் குழுக்களும் நம்மிடையே நிரம்ப உண்டு. ஆனால் இவற்றின் ஆற்றலில் பெரும்பகுதி மண்டபத்திலும் மேடையிலும் விருந்திலும் கரைகிறது. சீட்டு ஒன்றில் ஒரு கை, வேலையிழந்த இளைஞன் தொழில் கற்பதற்கென ஒதுக்கப்பட்டால் என்ன? ஊரில் ஒரு கோபுரத்துக்கு அனுப்பும் தொகையில் பத்தில் ஒரு பங்கு, அக்கோபுர நிழலில் வேலையின்றி நிற்கும் பெண்ணின் தையற்கூடத்துக்கோ, இளைஞனின் பட்டறைக்கோ விதியாகவே எழுதி வைக்கப்பட்டால் என்ன?

தனி வாழ்விலும் இவ்வாறே. நாளையே வேலையை விட்டுவிடுமாறு நான் எவருக்கும் கூறமாட்டேன். குடும்பத்தைத் தாங்கும் இரவுப்பணியும் புனிதமானதே. அன்பினால் சுமக்கும் சுமை நோக்கமற்றது அன்று. ஆயினும் இந்த மாதச் சம்பளக் கணக்கை எடுத்து, உங்கள் இல்லத்தார் அனைவரும் ஒரு மேசையில் அமர்ந்து பாருங்கள். இப்பணத்தில் எப்பகுதி நம் தேவைக்கு, எப்பகுதி நம் அச்சத்துக்கு, எப்பகுதி அயலாரின் கண்ணுக்கு, எப்பகுதி நாம் நம்புவதாகச் சொல்லும் இறைவனின் மக்களுக்கு என்று பிரித்து எழுதுங்கள். பிள்ளைகளையும் உடன் வைத்து எழுதுங்கள். எவ்வளவு சிறிதாயினும் ஓர் எண்ணைக் குறித்து, அதனை வீட்டின் விதியாக்குங்கள். வாரத்தில் ஒரு மாலையையேனும், உங்கள் கை அறிந்த தொழிலை மற்றொருவருக்குக் கற்பிக்க ஒதுக்குங்கள். கணக்கு வழக்கு அறிந்தவர் கணக்கையும், தையல் அறிந்தவர் தையலையும், மொழி அறிந்தவர் மொழியையும் கற்பிக்கலாம்.

மொண்ட்ராகொனின் தெருமூலையில் வைக்கப்பட்ட பெட்டிக்குள் 600 பேர் இட்ட தாள்கள் மிகச் சிறியவை. தாம் ஒரு பல்கலைக்கழகத்துக்கு வித்திடுகிறோம் என்று அவர்களில் எவரும் எண்ணியிருக்கமாட்டார். இருப்பதை எழுதினார்கள், எழுதியதைக் கொடுத்தார்கள். நாசரேத்துப் பட்டறையில் மௌனமாக உழைத்த சூசையப்பர், உங்கள் கைகளின் வேலைக்கும், உங்கள் வீட்டுக் கணக்குக்கும் துணையிருப்பாராக. உங்கள் உழைப்பை இறைவன் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவில் அன்புடன்,
உங்கள் அருட்பணியாளர்